ஒரு சந்தா, இரண்டு மாடி

மார்ச் 2, ஞாயிறு

இன்று முன்கூடத்தில் இருந்தவர்கள்: அவர் (என் வீட்டுக்காரர்), மாமனார், கொழுந்தன், ஓரகத்தி, பாட்டுப் பெட்டி மாட்ட வந்த வயர்க்காரர், நான். ஆறு பேர். வேறு யாரும் இல்லை. நாளைக்கு ஒருவர் "நான் அப்படிச் சொல்லவே இல்லையே" என்பார், அதற்காகத்தான் இதை முதலில் எழுதி வைக்கிறேன். இந்த வீட்டில் சொன்ன சொல்லுக்கு ஆயுள் அடுத்த வேளைச் சாப்பாடு வரைக்கும்தான்.

கொழுந்தன் ரொம்ப நாளாகக் கேட்டுக்கொண்டிருந்த பாட்டு ஏற்பாடு வந்துவிட்டது. டிபன் டப்பா அளவில் ஒரு கறுப்புப் பெட்டி. முன்கூடத்தில் இரண்டு ஸ்பீக்கர், சமையலறையில் ஒன்று, நான் பிரார்த்தனை செய்கிற அறையில் ஒன்று (அறை என்று பெயர்தான், படிக்கட்டுக்கு அடியில் குனிந்து நுழைகிற இடம்), மேலே கொழுந்தன் குடும்பத்துக்கு இரண்டு. எல்லார் போனிலும் ஒரு ஆப். தொட்டால் கேட்ட அறையில் கேட்ட பாட்டு.

"இனிமே பாட்டுத் தட்டைத் தேட வேணாம், தூசி தட்ட வேணாம். எல்லாம் விரல் நுனியில அண்ணி" என்றார் கொழுந்தன். சொன்ன கையோடு என் பழைய செட்டையும் தட்டுகளையும் ஒரு சாக்கில் கட்டிப் பழைய சாமான்காரர் வண்டியில் ஏற்றிவிட்டார். கொழுந்தன் சைக்கிள் கடை வைத்திருப்பவர். எதையும் கழற்றுவதில் இருக்கும் வேகம் மாட்டுவதில் இருக்காது.

பாட்டெல்லாம் வெளியிலிருந்து வருகிறதாம், அதற்குச் சந்தா கட்ட வேண்டும். தனி ஆளுக்கு ஒன்று, குடும்பத்துக்கு ஒன்று என்று இரண்டு வகை. வீட்டுக் கணக்கு என் கையில் இருக்கிறது, நான்தான் சொன்னேன்: "ஒரே கூரை, ஒரே அடுப்பு. எதுக்குப் பெரிய சந்தா? சின்னதே போதும்." எல்லாரும் தலையாட்டினார்கள். ஓரகத்தியும் ஆட்டினாள். ஆட்டினாள் என்பதை அடிக்கோடு போட்டு வைக்கிறேன். வருஷத்துக்கும் சேர்த்து ஒரே தடவையாகக் கட்டினால் தள்ளுபடி என்றார்கள். கட்டியாயிற்று.

வயர்க்காரர், "சின்னதுன்னா ஒரு சமயத்துல ஒருத்தர்தான்..." என்று என்னவோ ஆரம்பித்தார். அதற்குள் கொழுந்தன் சுவரில் துளை போட ஆரம்பித்துவிட்டார், மிச்சம் காதில் விழவில்லை.

மாமனார் மட்டும், "எனக்கு எந்த ரூம்ல பாடினாலும் ஒண்ணுதான்" என்று காது மெஷினைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

மார்ச் 3, திங்கள்

ஆண்டவனே! பாடுகிறவர் இரண்டு வரிக்கு நடுவில் மூச்சு எடுப்பதுகூடக் கேட்கிறது.

இருபத்தோரு வருஷமாகக் கேட்கிற பிரார்த்தனை. ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான். இதை ஓடவிட்டு, புத்தகத்தில் விரல் வைத்து, நிறுத்தி, திரும்ப ஓடவிட்டுத்தான் நீளமான வார்த்தைகளை வாசிக்கவே கற்றேன். எனக்கு வாத்தியாரும் இதுதான், வழியும் இதுதான்.

ஆறு மணி முதல் ஆறரை வரை. அந்த அரை மணி நேரம்தான் இந்த வீட்டில் யாரும் என்னைக் கூப்பிட மாட்டார்கள். ஆறரைக்கு மேல் மாமனார் மாத்திரை, வீட்டுக்காரருக்கு ஆபீஸ் சாப்பாடு, மேலே கீழே எல்லாருக்கும் டீ. ஆறரைக்கு மேல் நான் பொதுச்சொத்து.

மார்ச் 4, செவ்வாய்

மூன்றாம் பகுதி பாதியில் பாட்டு நின்றது. போனில் எழுத்து வந்தது. கூட்டிக் கூட்டி வாசித்தேன்: "இந்தக் கணக்கு வேறொரு சாதனத்தில் பயன்படுத்தப்படுகிறது."

தலைக்கு மேல் தொம், தொம் என்று குதி.

ஓரகத்தி காலையில் போன் வழியாக உடற்பயிற்சி சொல்லிக்கொடுக்கிறாள். முட்டிவலிக்காரப் பெண்கள், வேலைக்குப் போகுமுன் செய்கிறவர்கள், அதனால் ஆறு மணிக்கு. இத்தனை நாள் சின்ன ஸ்பீக்கரில் கரகரவென்று ஓடியது. இப்போது புதுச் சத்தம்.

நான் திரும்ப அழுத்தினேன். மேலே நின்றது, கீழே பாடியது. அவள் அழுத்தினாள். கீழே நின்றது. நான் அழுத்தினேன்.

டீக்கு இறங்கி வந்தபோது கேட்டேன், "காலைல என் பாட்டை நிறுத்தினது யாரு?"

"என் பாட்டை நிறுத்தினது யாருன்னு நானும் அதான் கேக்கலாம்னு வந்தேன் அக்கா."

அந்த 'அக்கா'வில் சர்க்கரை இருந்தது. டீயில் நான் போடவில்லை.

மார்ச் 5, புதன்

ஒரு உறையில் இரண்டு கத்தி.

மார்ச் 7, வெள்ளி

நாலு நாளாக இதே கூத்து. இன்று ஐந்து ஐம்பத்தைந்துக்கே அழுத்திவிட்டு உட்கார்ந்தேன். முதலில் பிடித்தவருக்கு என்றெல்லாம் அந்தப் பெட்டிக்குத் தெரியாதாம், கடைசியாக அழுத்தியவர் பக்கம்தான் சாயும். மனுஷர்களைப் பார்த்துத்தான் செய்திருக்கிறார்கள்.

பெரிய சந்தாவுக்கு மாற்றலாமே என்றார் கொழுந்தன். வருஷத்துக்குக் கட்டியாயிற்று, மாற்றினால் கட்டியது போச்சு என்றேன். அப்படியானால் நீ தனியாக ஒன்று கட்டிக்கொள் என்று தன் பெண்டாட்டியிடம் சொன்னார். நியாயமாகத்தான் சொன்னார்.

"நான் எதுக்குத் தனியா கட்டணும்? வீட்டுக் கணக்குல என் பங்கும் இருக்குல்ல?" என்றாள்.

"இருக்கு. அதுக்காக அரிசி டப்பாவை நீ மட்டும் எடுத்துட்டுப் போக முடியுமா?"

"நீங்க மட்டும் மூடி வச்சுக்க முடியுமா?"

என் வீட்டுக்காரர் பேப்பரை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டார். மாமனார் பையிலிருந்து மெஷினை எடுத்து, கொஞ்சம் யோசித்து, திரும்பப் பையிலேயே போட்டார். இந்த வீட்டில் புத்திசாலி அவர் ஒருத்தர்தான்.

மார்ச் 8, சனி

இதை எழுதியே தீருவேன்.

இன்று அழுத்தும்போது எந்த இடத்தில் விரல் பட்டதோ, என் பிரார்த்தனை எல்லா அறைகளிலும் கிளம்பிவிட்டது. முன்கூடம், சமையலறை, மேல்மாடி, எல்லாம். மேலே வகுப்பு நடுவில். எனக்கு நிறுத்தத் தெரியவில்லை. அழுத்த அழுத்தச் சத்தம் ஏறியது.

துண்டும் வியர்வையுமாக இறங்கி வந்தாள். என் கையிலிருந்து போனைப் பிடுங்கி, ஒரே தட்டில் நிறுத்தினாள்.

"அக்கா, படிக்கத் தெரியலைன்னா கேளுங்க. தெரியாம எதையாவது அழுத்தாதீங்க."

படிக்கத் தெரியலைன்னா!

மாமனார் அங்கேதான் உட்கார்ந்திருந்தார். அதிசயமாக இன்றைக்கென்று மெஷின் காதில் இருந்தது. அவர் தலையைக் குனிந்துகொண்டார். அதுதான் பொறுக்கவில்லை. அவர் சிரித்திருந்தால்கூடத் தேவலை.

பட்டம் வாங்கியவள். வாங்கட்டும். கல்யாணமாகி வந்த புதிதில் மளிகைச் சீட்டில் கூட்டல் தப்பாகப் போட்டு என்னிடம் கொண்டுவந்து நின்றவள்தானே? நான் அன்றைக்கு "கணக்குத் தெரியலைன்னா" என்று கேட்டேனா? பக்கத்தில் உட்கார வைத்துத் திருத்திக்கொடுத்தேன். யாருக்கும் சொல்லவில்லை. இந்த நாட்குறிப்புக்கே இன்றுதான் சொல்கிறேன்.

இனி அவளை ஓரகத்தி என்று எழுத மாட்டேன். மேல்மாடி. அவ்வளவுதான்.

மார்ச் 9, ஞாயிறு

"விட்டுக் கொடுத்தவங்க கெட்டுப் போறதில்ல" என்றார் அவர், சாப்பிட்டுக்கொண்டே.

"அப்ப நீங்க ஆபீஸ்ல உங்க நாற்காலியை விட்டுக் குடுத்துட்டு வாங்களேன்."

"அது வேற இது வேறடி."

"என்ன வேற?"

கொஞ்சம் உப்பு வேண்டும் என்றார்.

மார்ச் 14, வெள்ளி

மத்தியானம் முழுக்க ஆப்பில் உட்கார்ந்தேன். ஒவ்வொரு எழுத்தாக. புரியாத சொல்லை இந்த நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி, அகராதியில் பார்த்து, எதிரில் பொருள் எழுதினேன். 'சாதனம்' என்றால் போன், பெட்டி எல்லாம். 'வெளியேற்று' என்றால் அந்தக் கணக்கிலிருந்து ஒருவரைத் தள்ளிவிடுவது. 'முதன்மைப் பயனர்' என்றால் கணக்கு யார் பெயரில் இருக்கிறதோ அவர்.

கணக்கு என் பெயரில் இருக்கிறது.

கட்டணம் கட்டியது நான். அன்றைக்குக் கொழுந்தன் அவசரத்தில் என் நம்பரைப் போட்டுவிட்டார் போலிருக்கிறது. எல்லாருக்கும் கடவுச்சொல் ஒன்றே. அதை மாற்றுகிற உரிமை எனக்கு மட்டும்.

படிக்கத் தெரியாதவளுக்கு.

ஆண்டவனே, எனக்குக் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. தெரிந்து வைத்துக்கொள்கிறேன், அவ்வளவுதான்.

மார்ச் 16, ஞாயிறு

கொழுந்தன் தனியாக வந்தார். சமையலறை வாசற்படியில் நின்றார், உள்ளே வரவில்லை. ஏதாவது கேட்க வந்தால் அப்படித்தான் நிற்பார்.

"அண்ணி, அடுத்த திங்கக்கிழமை, இருபத்திநாலாம் தேதி, அன்னிக்கு மட்டும் காலைல அழுத்தாதீங்க. ஆஸ்பத்திரிலேர்ந்து அவ வகுப்பைப் பார்க்கப் போறாங்க. முட்டிவலிப் பிரிவுக்கு நிரந்தரமா ஆள் எடுக்கறாங்க. மாசச் சம்பளம். கடை நிலைமை உங்களுக்கே தெரியும்."

"அவளுக்கு வாய் இல்லையா? அவ வந்து கேக்க மாட்டாளா?"

"கேக்கலாம்னுதான் இருந்தா. நீங்க முகத்தைத் திருப்பிக்கறீங்களாமே."

"அவ என்ன சொன்னான்னு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும் அண்ணி. அவசரத்துல வாய் தவறிருச்சு."

"தவறினது வாயா? மனசுல இருக்கறதுதான் வாயில வரும்."

"ஒரு திங்கக்கிழமை அண்ணி. ஒரே ஒரு திங்கக்கிழமை."

"ஆண்டவனுக்குத் திங்கக்கிழமை லீவா?"

கொழுந்தனுக்குச் சிரிப்பு வந்ததா அழுகை வந்ததா தெரியவில்லை. "சரி அண்ணி" என்று போய்விட்டார். அந்தச் 'சரி'யை நான் சம்மதம் சொன்னதாக எடுத்துக்கொண்டாரா? எடுத்துக்கொண்டால் அது என் பொறுப்பா?

மார்ச் 19, புதன்

மூன்று நாளாக மேல்மாடி ஆறு மணிக்கு அழுத்துவதில்லை. இந்த வாரம் வகுப்பை ஐந்தேகாலுக்கே தொடங்கி முடித்துக்கொள்கிறாள். என் அரை மணி முழுசாகக் கிடைக்கிறது. நான் திங்கட்கிழமை விட்டுக்கொடுப்பேன் என்று முன்பணம் கட்டுகிறாளாக்கும். வந்து ஒரு வார்த்தை, "தப்பா சொல்லிட்டேன் அக்கா" என்று ஒரே ஒரு வார்த்தை சொல்ல எத்தனை படி இறங்க வேண்டும்?

மார்ச் 22, சனி

டீ எடுக்க வந்தாள். ஏதோ சொல்லப்போகிறவள் போல நின்றாள். நான் பாத்திரம் கழுவும் குழாயைப் பெரிதாகத் திறந்துவிட்டேன். போய்விட்டாள்.

மார்ச் 23, ஞாயிறு

மத்தியானம் எல்லாரும் வெளியே போயிருந்தார்கள். கடவுச்சொல்லை மாற்றினேன். 'எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேற்று' என்று ஒன்று இருந்தது. அதையும்.

ஒரு எழுத்துப் பிழை இல்லாமல் செய்தேன்.

மார்ச் 24, திங்கள்

ஆறு மணிக்கு அழுத்தினேன். பாடியது. தொடர்ந்து பாடியது. மேலே யார் அழுத்தியும் நிற்கவில்லை, முழுசாக முடிந்தது. நடுவில் எந்த வரியில் இருந்தாய் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. காது முழுக்கக் கூரையில் இருந்தது.

மேலே முதலில் ஓடுகிற காலடி. அப்புறம் கொழுந்தன் குரல், "இரு, இரு, நான் பாக்கறேன்." அப்புறம் ஒன்றுமில்லை. அப்புறம் ஏதோ ஒரு பாட்டு, மெல்லிசாக, போனிலிருந்து. அது பாதியில் நின்று ஓர் ஆள் சத்தமாகப் பேசினான். அது மட்டும் கீழே வரை கேட்டது.

என்ன நடந்தது என்று அவர்தான் மாலையில் சொன்னார், தம்பி சொன்னதாக. சந்தா வேலை செய்யாததால் அவசரத்தில் இலவச ஆப்பில் ஒரு பாட்டைப் போட்டிருக்கிறாள். வகுப்புப் பெண்கள் எல்லாம் கையைத் தலைக்கு மேல் தூக்கி நிற்கிற நேரம். ஆஸ்பத்திரி டாக்டரம்மாவும் இன்னும் இரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். பாட்டு நின்று விளம்பரம் வந்ததாம்: "உங்கள் வீட்டில் கரப்பான் தொல்லையா?"

தூக்கிய கையோடு எல்லாரும் நின்றார்களாம். யாரோ சிரித்தார்களாம். அவள் தாளத்தை விட்டுவிட்டாள். திரும்பப் பிடிக்க முடியவில்லை. "பார்த்துச் சொல்றோம்" என்று டாக்டரம்மா திரையை அணைத்துவிட்டாராம்.

அவர் இதைச் சொல்லும்போது என்னைப் பார்க்கவில்லை. "உனக்கு ஏதாவது தெரியுமா?" என்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஒரு பதில் தயாராக வைத்திருந்தேன்.

கரப்பான் என்று கேட்டபோது எனக்குச் சிரிப்பு வந்தது. எழுதியே ஆக வேண்டும், வந்தது. அப்புறம் வாயைப் பொத்திக்கொண்டேன்.

மார்ச் 25, செவ்வாய்

மேலேயிருந்து யாரும் சாப்பிட வரவில்லை. ஐந்து பேருக்கு வடித்த சோறு மூன்று பேருக்கு முன்னால் உட்கார்ந்திருந்தது. வெற்றிக்கு இதுதான் ருசியா?

மார்ச் 26, புதன்

ஆறு மணி. பிரார்த்தனை. தலைக்கு மேல் பாட்டு இல்லை. ஆனால் வகுப்பு இருக்கிறது. கை தட்டுகிறாள். "ஒண்ணு... ரெண்டு... மூணு... நாலு... மூச்சை விடுங்க... ஒண்ணு..." கைதட்டலுக்கும் குரலுக்கும் நடுவில் அவள் மூச்சு வாங்குவதுகூடக் கேட்கிறது. கூரை இத்தனை மெல்லிசு என்று இத்தனை வருஷம் தெரியாது.

சத்தத்தைக் கூட்டினேன். எண்ணுவது அப்போதும் கேட்டது.

மார்ச் 27, வியாழன்

மாமனார் மாத்திரைக்காக மருந்துக்கடை போனேன். வரிசையில் எனக்கு இரண்டு பேருக்கு முன்னால் மேல்மாடி. பின்தலையைப் பார்த்தே தெரிந்தது, நான் வந்திருப்பது அவளுக்குத் தெரியும் என்று. கழுத்து விறைத்து நின்றது.

கடைக்காரர் எங்கள் இரண்டு பேரையும் பார்த்துவிட்டு, "ஒரே வீடுதானே, ஒரே பில்லா போட்டுரட்டுமா?" என்றார்.

"தனித்தனியா" என்றோம். இரண்டு பேரும், ஒரே சமயத்தில்.

கடையில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். திரும்பும்போது அவள் சாலையின் அந்தப் பக்க நடைபாதையில், நான் இந்தப் பக்கத்தில். ஒரே வாசலுக்குத்தான் போனோம். கேட்டை அவள்தான் முதலில் திறந்தாள். எனக்காகப் பிடித்துக்கொள்ளவும் இல்லை, சாத்திவிட்டுப் போகவும் இல்லை. அப்படியே விட்டுவிட்டுப் போனாள்.

மார்ச் 28, வெள்ளி

புது அடுப்பு மாடிப்படி ஏறியது. கொழுந்தனும் கடையில் வேலை செய்கிறவரும் தூக்கிக்கொண்டு போனார்கள். படிக்கட்டுக்கு அடியில் உட்கார்ந்திருந்தேன். ஒவ்வொரு படியாக என் தலைமேல் அந்தக் கனம் போனது.

மார்ச் 30, ஞாயிறு

"கணக்கைப் பிரிச்சுக்கலாம் அண்ணி" என்றார் கொழுந்தன். வாசற்படியில் நிற்கவில்லை. உள்ளே வந்து, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து சொன்னார். அதுதான் பயமாக இருந்தது.

"கரண்ட், தண்ணி, பாட்டு எல்லாம் தனித்தனியா. புதன்கிழமை வயர்க்காரர் வர்றார். மேல உள்ள ஸ்பீக்கரைக் கழட்டித் தனிப் பெட்டியில மாட்டிருவார். எலி வளையானாலும் தனி வளை வேணும்னு சும்மாவா சொன்னாங்க."

"ஆஸ்பத்திரிலேர்ந்து என்ன சொன்னாங்க?" என் வாயிலிருந்து எப்படி வந்தது என்று தெரியவில்லை.

"சனிக்கிழமைக்குள்ள முடிவு பண்ணுவாங்க. வேற ரெண்டு பேரையும் பாக்கறாங்களாம்." எழுந்துகொண்டார். "கடவுச்சொல்லை நீங்க மாத்தினது எனக்கு அன்னிக்கே தெரியும் அண்ணி. உங்க நம்பரைப் போட்டது நான்தானே. அவகிட்ட சொல்லல. பெட்டி கெட்டுப்போச்சுன்னுதான் சொல்லி வச்சிருக்கேன்."

"ஏன் சொல்லல?"

"சொன்னா அப்புறம் சேரவே முடியாது. அதான்."

அவர் என்னைத் திட்டியிருக்கலாம். திட்டியிருந்தால் நானும் திட்டியிருப்பேன், சரிக்குச் சரியாகப் போயிருக்கும். நான் செய்ததை அவர் பொய் சொல்லி மூடி வைத்திருக்கிறார். என் மேல் இரக்கமா? யாருக்கு வேண்டும் இவர் இரக்கம்! மூடி வைக்கச் சொல்லி நான் கேட்டேனா?

அவர் போன பிறகு படிக்கட்டுக்கு அடியில் போய் உட்கார்ந்தேன், பிரார்த்தனையைப் போடவில்லை.

ஏப்ரல் 2, புதன்

வயர்க்காரர் வந்தார். என் வீட்டுக்காரரும் கொழுந்தனும் ஆபீஸுக்கும் கடைக்கும் போயிருந்தார்கள், மேல்மாடியும் வெளியே. மாமனார் முன்கூடத்தில் தூங்கிக்கொண்டிருந்தார். நான்தான் ஏணியைப் பிடித்தேன்.

"ஏம்மா, நல்லா ஓடிக்கிட்டிருந்ததை எதுக்குப் பிரிக்கறீங்க?"

"காலைல ரெண்டு பேருக்கும் ஒரே நேரத்துல வேணும். ஒண்ணுதான் பாடுது."

"அதான் அன்னிக்கே சொல்ல வந்தேன். சின்னச் சந்தால ஒரு நேரத்துல ஒருத்தர்தான். சரி, மேல அம்மா என்ன போடறாங்க?"

"உடற்பயிற்சிப் பாட்டு. தினம் ஒண்ணு மாத்துவா."

"நீங்க?"

"பிரார்த்தனை."

"எந்தெந்தப் பிரார்த்தனை?"

"எந்தெந்த இல்ல. ஒண்ணேதான்."

ஏணியிலிருந்து குனிந்து பார்த்தார். "தினமும் ஒண்ணேதானா? மாத்தவே மாட்டீங்களா?"

"இருபத்தோரு வருஷமா அதேதான்."

சிரித்தார். கேலிச் சிரிப்பு இல்லை, நிஜமாகவே சிரிப்பு தாங்காமல் ஏணியைப் பிடித்துக்கொண்டார். "தினமும் அதேதான்னா அதை எதுக்கும்மா தினமும் வெளியிலேர்ந்து வரவழைக்கறீங்க? பெட்டிக்குள்ளேயே இடம் கிடக்கு. ஒருதடவை விலைக்கு வாங்கி உள்ள போட்டுட்டா அது உங்களுது. சந்தாவுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல. மேல அவங்க ஆடட்டும், கீழ நீங்க பாடுங்க, ஒண்ணை ஒண்ணு தொடாது."

நான் ஏணியை விட்டுவிட்டேன் போலிருக்கிறது. "அம்மா, பிடிங்க பிடிங்க!" என்று கத்தினார்.

கால் மணி நேரத்தில் போட்டுக்கொடுத்துவிட்டார். சோதித்துப் பார்த்தோம். படிக்கட்டுக்கு அடியில் என் பிரார்த்தனை. மேலே அவர் ஏதோ ஒரு துள்ளல் பாட்டைப் போட்டார். இரண்டும் பாடின. ஒன்றும் நிற்கவில்லை. நடுப்படியில் நின்று கேட்டேன், இரண்டும் காதில் விழுகிற இடம் அது. சகிக்கவில்லை. ஆனால் ஒன்றும் நிற்கவில்லை.

"அப்ப பிரிக்கறதா, வேணாமா?" என்றார்.

"இன்னிக்கு வேணாம். கேட்டுச் சொல்றேன்."

யாரைக் கேட்டு?

ஏப்ரல் 3, வியாழன்

ஆறு மணிக்கு என் பாட்டு. தலைக்கு மேல் அதே "ஒண்ணு... ரெண்டு..." குரல் கம்மிப் போயிருந்தது. இத்தனை நாள் கத்திக் கத்தி எண்ணினால் கம்மாமல் என்ன செய்யும்? நாலாவதற்கு மேல் இருமினாள்.

ஆறரைக்கு மேல் எல்லா வேலையும் முடித்துவிட்டு உட்கார்ந்து மேல்மாடிக்கு எழுதினேன். போனில் எழுத வரவில்லை, எழுத்துக்கள் தானாக மாறிக்கொள்கின்றன. தாளில் எழுதினேன். நாலு தடவை கிழித்தேன். ஒரு தாளில் 'மன்னிச்சுக்கோ' என்று இருந்தது. அதையும் கிழித்தேன், அவள் இன்னும் என்னிடம் சொல்லாத வார்த்தையை நான் முதலில் சொல்வதா? ஐந்தாவதை மடித்து அவள் கதவிடுக்கில் வைத்துவிட்டு வந்தேன். என்ன எழுதினேன் என்று பின்னால் சந்தேகம் வரக் கூடாது, அதனால் இங்கேயும்:

"பெட்டி கெட்டுப்போகவில்லை. உன் வீட்டுக்காரர் உனக்குச் சொன்னது பொய். இருபத்திமூன்றாம் தேதி மத்தியானம் கடவுச்சொல்லை மாற்றி உன்னை வெளியே தள்ளியது நான். நீ என்னைப் படிக்கத் தெரியாதவள் என்றாய், அதற்காகச் செய்தேன். திங்கட்கிழமை உனக்கு என்ன நாள் என்று தெரிந்தே செய்தேன். அவர் மேல் கோபப்படாதே.

என் பிரார்த்தனை பெட்டிக்குள் போய்விட்டது. சந்தா முழுக்க இனி உனக்கு, ஆறு மணியும் உனக்கு. கடவுச்சொல்லை இப்போதே எழுத முடியாது, இப்போது அதில் இருப்பது உன்னைப் பற்றிய வார்த்தை. மாற்றிவிட்டுத் தருகிறேன்.

உன் மேல் எனக்குக் கோபம் போகவில்லை. உனக்கும் இனிமேல் என் மேல் போகாது. அது கிடக்கட்டும்.

ஆஸ்பத்திரி டாக்டரம்மாவிடம் நானே பேசுகிறேன். அன்றைக்குப் பாட்டு நின்றது உன் தவறு இல்லை, வீட்டில் இன்னொருத்தி வேண்டுமென்றே செய்தாள் என்று என் வாயால் சொல்கிறேன். இன்னொரு காலை பார்க்கச் சொல்லிக் கேட்கிறேன். அவர் பெயரும் நம்பரும் வேண்டும். சனிக்கிழமைக்குள் முடிவு செய்துவிடுவார்களாம். சீக்கிரம் பதில் எழுது."